அரசின் வாளுக்கும் எல்லை உண்டு

அரசு வாளேந்துவது கடவுளின் ஏற்பாடே என்று உரோமர் 13ஆம் அதிகாரத்தைக் கொண்டு நாம் போதிக்கிறோம். அவ்வாள் அயல்நாட்டின்மேல் ஓங்கப்படும்போது அதற்கு எல்லை எது என்று அரிதாகவே கேட்கிறோம். ஓங்குவது சொந்த நாடாயின், கேட்பவரே துரோகியாகக் கருதப்படுவார். போரின் நடுவிலே இவ்வினாவை எழுப்பிய ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

1942 பிப்ரவரி 14இல் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவுக்கு ஓர் ஆணை பிறந்தது. பகைநாட்டுக் குடிமக்களின், சிறப்பாகத் தொழிலாளரின், மனவுறுதியைக் குலைப்பதே இனி முதன்மை நோக்கம் என்றது அது. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரில் மூண்ட நெருப்புப் புயலில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1944 பிப்ரவரி 9 அன்று சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் எழுந்தார். அவர் நாஜிகளுக்குப் பரிந்தவர் அல்லர், ஜெர்மனியிலிருந்து வந்த அகதிகளுக்காகப் பல்லாண்டு உழைத்தவர், போன்ஹாபரின் நண்பர். படைத்துறை இலக்குகளைத் தாக்குவதை அவர் மறுக்கவில்லை. நகரம் முழுவதையும் அழிப்பது நீதியாகுமா என்றே வினவினார். வலிமையினும் மேலான சட்டத்துக்காகப் போரிடுவோர் அச்சட்டத்தைத் தாமே மீறலாகாது என்பது அவர் வாதம். அரசு இணங்கவில்லை. ஓராண்டுக்குப் பின் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர் மடிந்தனர்.

பெல் தோற்றார் எனலாமா? ஜெனீவா உடன்படிக்கைகளுடன் 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறை, ஒரு நகரில் தனித்தனியே அமைந்த படைத்துறை இலக்குகளை ஒரே இலக்காகக் கருதிக் குண்டு வீசுவதைத் தடைசெய்தது. பிரிட்டன் அதற்கு 1998இல் ஏற்புறுதி அளித்தது. பேராயரின் வினா அவருடைய நாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டமாவதற்கு அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஆயினும் சட்டம் எழுதப்பட்டதனால் நகரங்கள் எரிவது நின்றுவிடவில்லை.

ஆமோஸ் மோவாபைக் கண்டித்தது இஸ்ரவேலுக்கு இழைத்த தீங்கிற்காக அன்று. ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுட்டெரித்ததற்காக. அந்நியன் அந்நியனுக்குச் செய்த கொடுமைக்கும் கடவுள் கணக்குக் கேட்கிறார். அத்தீர்க்கதரிசி அத்தோடு நிற்கவில்லை. யூதாவையும் இஸ்ரவேலையும் நோக்கித் திரும்பினார். பிற நாடுகளின் கொடுமையைக் கண்டிக்கும் பிரசங்கம் நமக்கு எளிது. நம் நாடு போரிடும் நாளில், நம் படைகளுக்காக மன்றாடும் அதே ஆராதனையில், எதிரிநாட்டுக் குடிமக்களுக்காகவும் வாய்திறந்து மன்றாடுவோமா?