வெயிட் குறையணும், தெம்பு குறையக் கூடாது! - ஜிம் போகிறவர்களுக்கான கலோரி கணக்கு

"கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. தினமும் ஜிம், ஒருவேளை சாப்பாடு... பத்து கிலோ குறைச்சிடலாம்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஜிம் டிரெய்னரே இருக்க மாட்டார். எடை குறைய வேண்டுமென்றால், செலவாவதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட வேண்டும். இதைத்தான் 'கலோரி டெஃபிசிட்' என்கிறோம். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் உடம்புக்கு எவ்வளவு தேவை?

உடம்பு சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கலோரியை முதலில் கணக்கிட வேண்டும். அதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. எடையை (கிலோ) 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ) 6.25 ஆல் பெருக்கி, அதோடு கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கி, அதிலிருந்து கழியுங்கள். கடைசியில், ஆண்கள் 5-ஐக் கூட்ட வேண்டும். பெண்கள் 161-ஐக் கழிக்க வேண்டும்.

28 வயது, 160 செ.மீ உயரம், 70 கிலோ எடை, உட்கார்ந்தே பார்க்கும் ஐ.டி வேலை, வாரம் மூன்று நாள் ஜிம் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வரும் விடை 1,399. லேசான உழைப்பு என்பதால் இதை 1.375 ஆல் பெருக்கினால், ஒரு நாள் தேவை சுமார் 1,920 கலோரி. உடற்பயிற்சியே இல்லை என்றால் 1.2, வாரம் நான்கைந்து நாள் நன்றாக வியர்வை சிந்தினால் 1.55 ஆல் பெருக்கலாம்.

எவ்வளவு குறைக்கலாம்?

இந்தத் தேவையில் 15 முதல் 20 சதவிகிதம் குறைத்தால் போதும். நம் உதாரணப் பெண் 1,540 முதல் 1,630 கலோரி வரை சாப்பிடலாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியானால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ வரை குறையும். 'இவ்ளோதானா?' என்று தோன்றலாம். ஆனால், ரெண்டு மாசத்தில் பத்து கிலோ கொழுப்பு குறைய வேண்டுமென்றால், அவர் தினமும் சுமார் 640 கலோரியில் வாழ வேண்டும். அதில் ஜிம்முக்கு வேறு போக வேண்டும். நடக்கிற கதையா அது?

பட்டினி என்ன செய்யும்?

இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் ஆறு மாதம், தினமும் சுமார் 1,570 கலோரி மட்டும் சாப்பிட்டார்கள். கூடவே, வாரம் 35 கிலோமீட்டர் நடந்தார்கள். எடை சுமார் கால் பங்கு குறைந்தது. கூடவே பலமும் போனது. எப்போதும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு.

1,570 என்பது நம் உதாரணப் பெண்ணுக்குச் சரியான அளவு. ஆனால், அந்த இளைஞர்களுக்கு அது தேவையில் பாதிதான். அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் டயட் சார்ட்டை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200, ஆண்கள் 1,500 கலோரிக்குக் கீழே போகவே கூடாது.

வாட்ச் சொல்வதை நம்பாதீங்க!

'இன்னிக்கு 500 கலோரி எரிச்சுட்டேன்' என்று ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, ஒரு பிளேட் பரோட்டா சாப்பிடுபவர்கள் உண்டு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்ததில், இருப்பதிலேயே துல்லியமான கருவியே கலோரி கணக்கில் சராசரியாக 27 சதவிகிதம் தவறியது. தவிர, மேலே போட்ட கணக்கிலேயே உடற்பயிற்சியும் அடங்கிவிட்டது. அதைத் திரும்பவும் சாப்பாட்டில் சேர்த்தால் டெஃபிசிட் காணாமல் போய்விடும்.

எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. தாளிப்பு, பொரியல், தோசை என்று மூன்று ஸ்பூன் குறைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுத்தால், கொழுப்போடு தசையும் கரைவதைக் குறைக்கலாம். முட்டை, மீன், சிக்கன், சுண்டல், பருப்பு, தயிர், சோயா என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். வாரம் இரண்டு நாளாவது வெயிட் தூக்குங்கள்.

வாரத்தில் சில நாள்கள் காலையில் எடை பார்த்து, சராசரியைக் குறித்துவையுங்கள். உப்பும் மாதவிடாயும் ஒரே நாளில் முள்ளை ஏற்றிவிடும், பயப்பட வேண்டாம். மூன்று வாரமாகச் சராசரி அசையவில்லை என்றால் 100 கலோரி குறையுங்கள், அல்லது கூடுதலாக நடங்கள்.

உடனே நிறுத்துங்கள்!

பீரியட்ஸ் தள்ளிப்போவது, தலைச்சுற்றல், கொத்தாக முடி கொட்டுவது, தூக்கம் கெடுவது, வழக்கமாகத் தூக்கும் வெயிட்டே கனப்பது... இவையெல்லாம் உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். டயட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், சர்க்கரைநோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனை இல்லாமல் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

கல்யாணத் தேதி நெருங்கினாலும் உடம்பு அவசரப்படாது. ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். போட்டோவில் முகம் வாடாமல் இருக்கும்!