லைட் மியூசிக் என்கிற மெல்லிசை

காரியாபட்டிப் பக்கம் ஓர் ஊரில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டினால், நோட்டீஸில் கடைசி நாள் இரவுக்கென்று ஒரு வரி தனியாக இருக்கும். முன்பெல்லாம் அந்த வரியில் ‘மாபெரும் மெல்லிசைக் கச்சேரி’ என்று அச்சடிப்பார்கள். வாய்ப்பேச்சில் அது ‘லைட் மியூசிக்’. பக்கத்து ஊரைவிடக் கொஞ்சம் தூக்கலாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆர்கெஸ்ட்ரா’. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: ஏழெட்டுப் பேர் மேடையேறி, சினிமாப் பாட்டை சினிமாவில் இருப்பது போலவே பாடி வாசிப்பது. ஆவியூரானாலும் மல்லாங்கிணறானாலும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. சீரியல் செட்டும் கலர் விளக்கும் போட்டு நடத்துவதால்தான் அது ‘லைட்’ மியூசிக் என்று நினைத்திருந்தவர்களும் உண்டு. தப்பான விளக்கம்தான், ஆனால் மேடையைப் பார்த்தவருக்குத் தப்பென்று சொல்ல மனசு வராது.

அந்தச் சொல் கப்பலேறி வந்த ஊரில் லைட் மியூசிக் என்பது பெரும்பாலும் பாட்டில்லாத இசை. முழு ஆர்கெஸ்ட்ராவும் உண்டு, வயலின் கூட்டமும் ஊதுகருவிகளும் உண்டு. ஆனால் சிம்பொனி மாதிரி முக்கால் மணி நேரம் உட்கார வைக்காது. நாலைந்து நிமிஷத்தில் ஒரு மெட்டு, முடிந்தது. எரிக் கோட்ஸ் 1930-இல் எழுதிய ‘பை தி ஸ்லீப்பி லகூன்’ அந்த வகை. 1942-இல் பி.பி.சி. அதை ஒரு பேட்டி நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக வைத்தது. இன்றும் அதுதான் முகப்பிசை. 1945 ஜூலையில் ‘லைட் புரோகிராம்’ என்று ஓர் அலைவரிசையையே பி.பி.சி. தொடங்கி 1967 வரை நடத்தியது. கனமான சங்கதிகளுக்கு 1946 முதல் வேறோர் அலைவரிசை.

இந்த லைட் மியூசிக்காரர்களுக்கும் சினிமாவுக்கும் நடுவே சுவர் கிடையாது. ரிச்சர்ட் அடின்செல் 1941-இல் ஒரு போர்க்காலப் படத்துக்கு எழுதிய ‘வார்சா கன்சர்ட்டோ’ படத்தைவிட்டு வெளியேறித் தனியாகவே பேர் வாங்கியது. மால்கம் ஆர்னால்டு 1957-இல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் பெற்றார். பர்மா ரயில்பாதைக் கதை அது; படம் எடுத்தது நமக்குப் பக்கத்தில், இலங்கையின் கித்துல்கலவில்.

‘மெல்லிசை’ என்ற சொல்லோ இதற்கெல்லாம் வெகு முந்தியது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம். ங, ஞ, ண, ந, ம, ன என்ற மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம். அங்கே அது எழுத்தின் ஓசையைப் பற்றிய சொல். பாட்டுக் கச்சேரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அந்தப் பழைய சொல்லை எடுத்து ‘லைட்’டுக்கு நேராக நிறுத்தியபோது தமிழ் ஒரு தனி வழியில் போயிற்று. இந்தியில் அது ‘சுகம் சங்கீத்’, கன்னடத்தில் ‘சுகம சங்கீத’. இரண்டும் எளிதாகக் கைவருவது என்ற பொருளில். தெலுங்கு ‘லலித சங்கீதம்’ என்றது, மலையாளம் ‘லளிதகானம்’ என்றது. தமிழ் எளிமையைப் பேசவில்லை, மென்மையைப் பேசியது. ‘எளிய இசை’ என்று வைத்திருந்தால் அதைப் பாடுகிறவருக்குச் சபையில் பாதி மரியாதைதான் கிடைத்திருக்கும். நல்ல வேளையாக, கர்நாடக சங்கீதத்தை ‘வல்லிசை’ என்று எவரும் ஜோடி சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் சபாக்காரர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள். எங்கள் பக்கத்து உறுமிக்காரர்கள் அந்தப் பட்டம் தங்களுக்குத்தான் என்று உரிமை கொண்டாடியிருப்பார்கள்.

சொல்லுக்கு வேலை வந்தது வானொலியில். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதற்கான நேரம் சுருங்கி, பிறகு இல்லாமலே போயிற்று. விட்ட இடத்தை நிரப்ப நிலையங்களில் லைட் மியூசிக் பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, நிலையக் கலைஞர்களை வைத்து மெட்டமைத்து ஒலிபரப்பினார்கள். தமிழ் நிலையங்களில் இதற்குப் பெயர் மெல்லிசை. ஆக, இந்தச் சொல் இசைக்கு வந்தபோது அதன் முதல் வேலை சினிமாவை வெளியே நிறுத்துவது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இலங்கை வானொலி கூப்பிடு தூரம். ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் ஊரே உட்காரும். டில்லிக்கு இது உறைத்து, 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை மறுபடி உள்ளே விட்டது.

நம்மைச் சினிமாப் பாட்டில் குளிப்பாட்டிய அதே இலங்கை வானொலி, 1970-களில் தன் சொந்தப் பாடல்களுக்கு வைத்த பெயரும் மெல்லிசைதான். எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் பாடி வளர்த்த ஈழத்து மெல்லிசை, தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டுக்கு எதிராக எழுந்த குரல். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்லைத்தான் வேலியாக நட்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து வேலி 1963-லேயே விழுந்துவிட்டது. அந்த ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் டி.கே. ராமமூர்த்திக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்று பட்டம் கொடுத்தார்கள். 1952-இல் ‘பணம்’ படத்தில் சேர்ந்து 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தவர்கள். பிரிந்த பிறகும் இருவரும் பட்டத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். சினிமாவைத் தள்ளிவைக்க எடுத்த சொல், சினிமாக்காரர் தலையில் கிரீடமாக ஏறிவிட்டது. காரியாபட்டியில் மெல்லிசை என்றால் சினிமாப் பாட்டு என்று ஆனது இதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. வானொலி மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் குரல் தேர்வில் மெல்லிசை தனிப் பிரிவு. அங்கே போய்ச் சினிமாப் பாட்டைப் பாடினால் செல்லாது.

பெயரின் கதை இது. இங்கிலாந்துக்காரர் லைட் மியூசிக் என்றாரே, அந்தப் பொருள் நம்மிடம் இல்லையா? தாராளமாக இருக்கிறது, பாட்டுக்குள்ளே. பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். ‘புதிய பறவை’யில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி வயலின் கூட்டத்தை இறக்கிய இடங்களை நினைத்துப் பாருங்கள். இளையராஜா வந்த பிறகு அந்த அரை நிமிஷம் தனக்கென்று தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உள்ள சின்ன உருப்படியாகவே ஆகிவிட்டது. லண்டனில் தனித் தட்டாக விற்றிருக்கக்கூடிய சரக்கை இங்கே இரண்டு சரணங்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள்.

பாட்டே இல்லாமல் அதைத் தனியாக வெளியிட்டபோது என்ன பெயர் வைப்பது என்ற சிக்கல் வந்தது போலும். 1986-இல் வி.எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்தி, தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே ‘ஹவ் டு நேம் இட்?’. மெல்லிசை என்ற சொல் கையருகே இருந்தது; ஆனால் அதற்குள் அது பாட்டுக்கென்று பட்டாப் போட்டுக் கொடுத்த சொல்லாகிவிட்டிருந்தது.

மேடைக்காரர்கள் இப்படித் திண்டாடுவதில்லை. பாட்டின் இடையில் வருவதை அவர்கள் ‘பி.ஜி.எம்.’ என்கிறார்கள். ‘ஃபர்ஸ்ட் பி.ஜி.எம்.’, ‘செகண்ட் பி.ஜி.எம்.’. படத்தின் பின்னணி இசைக்கு உரிய பெயர்தான். இதற்கும் அதையே சூட்டிவிட்டார்கள். கச்சேரியில் அந்த நேரம் கவனிக்கத் தக்கது. பாடகர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓரடி பின்வாங்குவார். பாடகி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானைத் தட்டி ‘ஸ்ட்ரிங்ஸ்’ சத்தத்துக்கு மாறி, சென்னை ஸ்டுடியோவில் ஒரு வயலின் கூட்டம் வாசித்ததை இரண்டு கையில் பிடிக்கப் பார்ப்பார். மேலே போகும் வயலின் வலக்கையில், கீழே நடக்கும் செல்லோ இடக்கையில். புல்லாங்குழல் துணுக்கு வந்தால் நடுவில் ஒரு விரல் எட்டிப்போய் இன்னொரு பொத்தான். பேடு வாசிக்கிறவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக வந்து விழுந்தால் வேப்பமரத்தடியிலிருந்து விசில் பறக்கும். ஒரு சுரம் தவறினாலும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், ராகத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியாவிட்டாலும். பாடகர் இரண்டு வார்த்தையை விழுங்கினால்கூட மன்னித்துவிடுவார்கள், பி.ஜி.எம். கெட்டால் மன்னிப்பதில்லை. பார்ட்டிக்கு அடுத்த வருஷம் அட்வான்ஸ் கிடைக்குமா என்பதைக்கூட அந்த அரை நிமிஷம் முடிவு செய்துவிடும்.

இப்போது நோட்டீஸில் அந்த வரி மாறிவிட்டது. ‘ஆடல் பாடல் நிகழ்ச்சி’ என்று போடுகிறார்கள். அதற்குக் காவல் நிலையத்தில் அனுமதி கிடைக்காமல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை மனு போன ஊர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. பாட்டு பெரும்பாலும் பென் டிரைவிலிருந்து வருகிறது. மேடையில் கீபோர்டு இருந்த இடத்தில் ஆடுகிறவர்கள் நிற்கிறார்கள். பழைய பார்ட்டிகளில் வாசித்த சிலர் கல்யாண வரவேற்புகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் பாடகர் இல்லாமல் கீபோர்டை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்கிறார்கள். பத்திரிகையில் அதற்குப் போடும் பெயர், ‘இன்னிசை’.