எரிசாராயமும் ஐந்து மூலப்பொருள்களும்

‘ஆல்கஹால்’ என்னும் சொல், கண்ணுக்கு இடும் சுறுமாவைக் குறித்த ‘அல்குஹ்ல்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. அப்பொருள் எவற்றிலிருந்து கிடைக்கிறது என்ற ஆய்வும் நமக்குப் புதியதன்று. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று ஆற்றிய உரையில் திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்தும் மது செய்யப்படுவதை எடுத்துரைத்தார்கள். அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

இவ்வைந்தில் முதல் மூன்றிலும் சர்க்கரை நேரடியாகவே உள்ளது. பின்னிரண்டில் இருப்பது மாவுச்சத்து. அதனை முதலில் சர்க்கரையாக மாற்றியாக வேண்டும். அதன் பின்னரே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தன் வேலையைத் தொடங்கும். இவ்வுண்மையை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். கணக்குப்படி 100 கிராம் குளுக்கோஸிலிருந்து 51 கிராம் எரிசாராயமே கிடைக்கும். எஞ்சியது கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும்.

நம் நாட்டில் பெட்ரோலுடன் எரிசாராயம் கலக்கும் திட்டம் 2003இல் தொடங்கிற்று. தொடக்கத்தில் அதற்கு உதவியது, ஆலைகள் சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை, கரும்புச் சாற்றுக்கும் பழுதுபட்ட தானியங்களுக்கும் வழி திறந்தது. ஒரு டன் கழிவுப்பாகு ஏறத்தாழ 225 லிட்டரும், ஒரு டன் கரும்பு 70 லிட்டரும், ஒரு டன் மக்காச்சோளம் 380 லிட்டரும் தருகின்றன.

எண்களை மட்டும் நோக்கின் தானியமே வெல்லும். ஆயினும் மக்காச்சோளம் கோழித் தீவனமும் ஆகும். எரிசாராய ஆலைகளின் தேவை பெருகவே, அதனை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு 2024இல் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது. கரும்பின் நிலையோ வேறு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எரிசாராயம் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் அடி அண்ணாமலை போன்ற ஊர்களின் உழவர்களுக்கு இக்கணக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எரிபொருளுக்காகச் செய்யப்படும் சாராயத்தின் மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் உரைப்பார்கள். ஆனால் ஒளுச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாதெனக் கற்ற சமுதாயம் நாம். உண்ணும் தானியத்தையும் ஊற்று நீரையும் வண்டிகளுக்கு வார்க்குமுன், எஞ்சிய கழிவுப்பாகு முழுவதும் பயன்பட்டதா என்று கேட்பது நம் கடமையேயாகும்.