தரை தெரியாத புத்தகங்கள்: விமான வரலாற்று நூல்களைத் தேர்வது பற்றிச் சில குறிப்புகள்

ஆம்பூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் தன் பள்ளி நூலகத்துக்காக ஒரு பட்டியல் கேட்டார். விமானம், விமானி, விமானம் வந்த கதை இவை பற்றி நல்ல புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு வேண்டும். ‘பசங்க இதத்தான் சார் கேக்குறாங்க. நீங்கதான் புஸ்தகம் புஸ்தகம்னு அலையறீங்க, ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க.’ தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆசைக்குக் காரணம் உண்டு. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய விமானத்தளம் ஒன்று இருக்கிறது. 2016இல் வந்த உடான் திட்டத்தில் அதன் பெயர் சேர்ந்த பிறகு, ‘ப்ளேன் எப்ப வரும்?’ என்பது இந்தப் பக்கத்து டீக்கடைகளில் பல வருஷம் ஓடிய பேச்சு. அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிற வீட்டுப் பையனுக்கு விமானம் என்பது மாமாவைத் துபாய்க்குக் கொண்டுபோன ஒன்று. தலைக்கு மேலே சத்தமில்லாமல் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போகிற ஒன்று.

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் விமான நூல்களில் பெரும்பாலானவை ஒரே கதையாடலைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரு மேதை கனவு காண்கிறான், எந்திரம் பிறக்கிறது, வேகம் கூடுகிறது, உயரம் கூடுகிறது, மனிதகுலம் முன்னேறுகிறது. வழவழ தாளில் வண்ணப்படங்கள் வேறு. இவற்றில் வானம் இருக்கிறது, தரை இல்லை. தரை என்று நான் சொல்வது விமானத்தைச் செய்த கைகளையும், அதற்கான பொருள் போன ஊர்களையும், அது மேலே கடக்கும்போது கீழே நிற்பவர்களையும் சேர்த்துத்தான். எனவே எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பின்னால் இருக்கும் பெயர் அடைவைப் புரட்டுவது. அங்கே யார் இல்லை என்று பார்ப்பது.

1903 டிசம்பர் 17ஆம் தேதி ரைட் சகோதரர்கள் பறந்த அந்த 12 விநாடி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த எந்திரத்தின் இஞ்சினை ஆறே வாரத்தில் கடைந்து எடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். 1956இல் வறுமையில் செத்துப்போனார். அடைவில் டெய்லர் பெயர் இல்லாத ரைட் சகோதரர் புத்தகத்தை வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு இது கொஞ்சம் கறாராகப் பட்டது. படட்டும்.

அடுத்து நம்முடைய பெருமைப் புத்தகங்கள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் கையில் முதலில் போய்ச் சேருவது இவைதான். தமிழ் படித்தவனுக்கு வானூர்தி புதிதல்ல. ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தி புறநானூற்றில் வருகிறது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். இவை கவிதைகள், அழகான கற்பனைகள். இவற்றைத் தொழில்நுட்ப ஆவணங்களாக மாற்றும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலைப் பரத்துவாச முனிவரின் பெயரால் இன்றும் விற்கிறார்கள். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பேர் அதை வரிவரியாகச் சோதித்தார்கள். அது சுப்பராய சாஸ்திரி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி எழுதவைத்தது, அதில் உள்ள எந்திரம் எதுவும் பறக்காது என்று காட்டினார்கள். மொழியை வைத்தும் இயற்பியலை வைத்தும் செய்த சோதனை அது. ஒரு பிரதியின் காலத்தை நிர்ணயிக்க நாங்கள் வகுப்பில் படித்த பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பட்டியலில் மூல நூலைச் சேர்க்கவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையின் நகலைச் சேர்த்தேன்.

முன்னோர் பெருமையை ஒதுக்கிவிட்டால் ஊர்ப் பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காலத்து விமானிகள் தலையில் தோல் குல்லாய், உடம்பில் தோல் கோட்டு. உடனே, ‘நம்மூர்த் தோல்தான் சார் போயிருக்கும், எழுதுங்க’ என்றார் நண்பர். எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்த செய்தி வேறு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோலுக்கு லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்று பெயர். முதல் உலகப் போரில் அரசே அந்த வியாபாரத்தைக் கட்டுப்பாட்டில் எடுத்து, தோலைப் படைவீரர்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு அனுப்பியது. அதாவது நம்மூர்த் தோல் முக்கியமாகப் போய்ச் சேர்ந்தது பறந்தவன் தோளுக்கல்ல, பதுங்குகுழிச் சேற்றில் நின்றவன் காலுக்கு. நிச்சயமாக இங்கிருந்து பறந்தது வேறொன்று: ஆமணக்கு எண்ணெய். அன்றைய சுழல் இஞ்சின்களுக்கு அதுதான் மசகு, பெட்ரோலில் கரையாது என்பதால். அன்று உலகச் சந்தைக்குப் போன ஆமணக்கு விதையில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. இஞ்சின் சுற்றும்போது எண்ணெய் தெறித்து விமானியின் முகத்தில் அடிக்கும், மூக்கிலும் வாயிலும் போகும். நம் பாட்டிமார் எதற்காகப் புகட்டினார்களோ அந்த வேலையை அங்கேயும் அது செய்தது. ஆகாயத்து வீரர்களின் இந்த அவஸ்தையைச் சொல்கிற புத்தகங்கள் பல உண்டு. அந்த விதையை யார் விளைவித்தார்கள் என்று கேட்கிற புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதில் விமான நூல்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தோல் தொழிலின் வரலாறும் வெகுகாலம் ஏற்றுமதிக் கணக்காகவே எழுதப்பட்டது. பாலாறும் கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வருவதற்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1910 மார்ச்சில், அலகாபாத்துக்கு முன்பே, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் சிம்ப்சன் பட்டறையின் உதவியோடு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்ததை எஸ். முத்தையா எடுத்துச் சொன்னார். 1911 பிப்ரவரி 18இல் அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் கொண்டுபோன பெக்கேயையே முதல் என்று தொடங்கும் இந்திய விமான வரலாறுகளுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படிக்கலாம். ‘முதல்’ என்பதற்கான அடிதடியில் எனக்கு அக்கறை இல்லை. சிம்ப்சன் பட்டறையில் தச்சும் கொல்லும் செய்தவர்கள் யார் என்பதில்தான் அக்கறை.

இனிக் குண்டுகள். விமானத்தின் வரலாற்றைக் குண்டின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுவது ஒரு சௌகரியமான பொய். 1911 நவம்பர் 1ஆம் தேதி திரிபோலிக்கு அருகே இத்தாலிய விமானி கவோத்தி கையால் குண்டு வீசினார். ரைட்டுகளுக்கு எட்டே வருஷம் கழித்து. ஸ்வீடனின் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1999இல் எழுதிய குண்டுவீச்சின் வரலாறு இதை மையமாக வைக்கிறது. பக்கவரிசையில் படிக்க முடியாதபடி, ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவும்படி அமைத்திருக்கிறார். அமைப்பில் எரிச்சல் வரும், ஆனாலும் வாங்கத்தான் வேண்டும். டேவிட் ஒமிஸ்ஸி 1990இல் எழுதிய ‘ஏர் பவர் அண்ட் கலோனியல் கண்ட்ரோல்’, காலனி மக்களை அடக்கும் மலிவான கருவியாக பிரிட்டன் விமானத்தைப் பயன்படுத்திய கதை. டேவிட் எட்ஜர்ட்டனின் ‘இங்கிலாந்து அண்ட் தி ஏரோப்ளேன்’ 1991இல் வந்தது. சிறிய நூல், இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது இதை. சாதுவான, எந்திரத்தில் பின்தங்கிய நாடு என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட இங்கிலாந்து, உண்மையில் விமானத்தை நம்பிய போர்வெறித் தேசம் என்று கட்டுடைக்கிறார்.

ஜாலியன்வாலாபாக் தெரியாதவர் இல்லை. மறுநாள், 1919 ஏப்ரல் 14, குஜ்ரன்வாலாவில் மக்கள் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும்? பிரிட்டிஷ்காரன் செய்தான் என்று அங்கேயே நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 1966 மார்ச் 5இல் ஐஸ்வால் மீது குண்டு போட்டவை இந்திய விமானப்படையின் விமானங்கள். இந்திய விமானப்படை பற்றிய நூலை எடுத்தால் நான் முதலில் தேடுகிற சொல் ஐஸ்வால்தான். பல தடிமனான புத்தகங்களில் அது கிடையாது.

போர் நூல்கள் எல்லாமே தள்ளுபடி என்று இதற்கு அர்த்தமில்லை. பி.வி.எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 வான்போர் பற்றி 2005இல் வெளியிட்ட நூல் வேறு மாதிரி. பாகிஸ்தானின் ஆலம் ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து ஹண்டர்களை வீழ்த்தினார் என்பது அந்தப் பக்கத்துப் புராணம். இந்தப் பக்கத்துக்கும் புராணங்கள் உண்டு. இவர்கள் இரண்டு தரப்பின் பதிவுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்கள். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கிற பதிப்பாசிரியரின் வேலைதான் இது. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத போர்ப் புத்தகத்தைத் தயங்காமல் கீழே வைத்துவிடலாம்.

விமானிகள் தாமே எழுதியவை தனி ரகம். ‘குட்டி இளவரசன்’ வழியாக நமக்குத் தெரிந்த செந்த்-எக்சுபெரி 1939இல் எழுதிய பாலைவன, தபால்விமான அனுபவங்கள் அற்புதமானவை. ஆனால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பூமி சீக்கிரம் தத்துவமாகிவிடுகிறது; கீழே இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஜே.ஆர்.டி. டாட்டா பற்றி ஆர்.எம். லாலா 1992இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நெவில் வின்சென்ட்டுக்காகப் படிக்கலாம். 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தவர் டாட்டா. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் வின்சென்ட், அந்தத் திட்டத்தையே முதலில் போட்டவர். தபால்தலையில் யார் முகம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கேப்டன் கோபிநாத்தின் தன்வரலாறு, ‘சூரரைப் போற்று’ (2020) பார்த்த பிள்ளைகளுக்கு. படத்தின் கதாநாயகனையும் புத்தகத்து மனிதரையும் அருகருகே வைத்து, எதை எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு வகுப்பே எடுக்கலாம்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்தது.

தோல் ஆடைத் தொழிலில் ‘பாம்பர்’ என்பது ஒரு மாடல். இடுப்பளவுக் கோட்டு, கீழே இலாஸ்டிக் பட்டி. தைக்கிறவர், செக்கிங் பார்க்கிறவர், எல்லோர் வாயிலும் சாதாரணமாகப் புழங்குகிற சொல். குண்டுவீச்சு விமானிகள் போட்டிருந்த கோட்டு என்பது யாருக்கும் ஞாபகமில்லை. இதே ஆங்கிலச் சொல் யாழ்ப்பாணத் தமிழில் ‘பொம்மர்’ ஆகியிருக்கிறது. அங்கே அது விமானம். அப்துல்லாபுரத்துக்குப் பக்கத்திலேயே மேல்மொணவூரில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது நடுவயதுக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு விமானத்தளத்தைப் பற்றித் திரும்பியது. அவர் சின்ன வயதில் கேட்ட விமானங்களை வரிசையாகச் சொன்னார்: ஹெலி, சகடை, பொம்மர். சகடை என்ற பெயர் எந்த விமானக் கையேட்டிலும் இருக்காது. ‘சத்தத்திலயே தெரியும். சகடை எண்டா மெதுவா இரைஞ்சுகொண்டு வரும், பங்கருக்குள்ள ஓட நேரம் இருக்கும். மற்றது அப்பிடி இல்லை.’ இறக்கை நீளத்தையும் இஞ்சின் சக்தியையும் அட்டவணை போடுகிற ரசிகனின் அறிவு ஒரு வகை என்றால், இது இன்னொரு வகை. பிழைத்துக் கிடப்பதற்காகச் சேர்த்த விமான அறிவு. 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1987 ஜூன் 4இல், அதே யாழ்ப்பாண வானத்தில் இந்திய விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன. இரண்டையும் கீழேயிருந்து பார்த்தவர்கள் உண்டு. அந்த இரண்டையும் ஒரே விமான வரலாற்றுக்குள் வைத்துத் தமிழில் எழுதிய நூல் என்று நண்பருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாவல்களிலும் கவிதைகளிலும் சிதறிக் கிடக்கிறது.

பட்டியலை வாங்கிப் பார்த்த நண்பர், ‘எல்லாம் இங்கிலீஷா இருக்கே சார், எட்டாவது பசங்க எப்படிப் படிப்பான்?’ என்றார். நியாயமான கேள்வி. மேல்மொணவூர்க்காரரைப் பள்ளிக்கு ஒருநாள் கூப்பிட்டுப் பேசவைக்க முடியுமா என்று கேட்டேன். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.