ஆலையில்லா ஊரின் சர்க்கரை

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது நம் பழமொழி. இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. இலுப்பைப்பூவிலாவது இனிப்பு இருக்கிறது. அந்தச் செடியின் பழத்திலோ குறிப்பிடத்தக்க இனிப்பே இல்லை. ஆயினும் அதை உண்டவனுக்கு எலுமிச்சை இனிக்கிறது.

ஆங்கிலேயர் இதற்கு 'அற்புதப் பழம்' என்று பெயரிட்டனர். சிறு காப்பிக்கொட்டைப் பழம் போன்ற சிவந்த கனி; உள்ளே ஒற்றை விதை. மெல்லிய சதையை நாவில் புரட்டிச் சுவைத்தபின், அரைமணி முதல் இரண்டு மணி நேரம் வரை புளிப்பெல்லாம் இனிப்பாகத் தோன்றும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றவர்கள் இதன் மறுதலையை அறிவார்கள். அது சர்க்கரையை மணலாக்குகிறது. இது புளியைத் தேனாக்குகிறது.

இப்பழத்தைப் பற்றிய ஐரோப்பியக் குறிப்பு 1725ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றிலிருந்து கிடைக்கிறது. எழுதியவர் தெ மார்ஷே என்ற பிரெஞ்சு மாலுமி. அவர் கினியாக் கரைக்குச் சென்றது பழம் தேடியன்று; அடிமை வணிகத்தின் பொருட்டு. அவருடைய குறிப்புகளை 1730இல் பாரிசில் நூலாக்கியவர் லபா என்னும் பாதிரியார். இந்த லபா மார்த்தினிக் தீவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் நடத்தியவர். சர்க்கரைக்காக மனிதர்கள் கப்பலேற்றப்பட்ட அதே கரையில், சர்க்கரையே வேண்டாத ஓர் இனிப்பு புதரில் காய்த்துக் கிடந்தது. அதைப் பதிவு செய்தவர்களோ அந்த ஆலைகளுக்கு ஆள் சேர்த்தவரும் ஆலை நடத்தியவருமே! வரலாற்றின் நகைமுரண்களில் இதைவிடக் கசப்பானது அரிது.

1852இல் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இச்செடியைத் தாவரவியல் முறைப்படி விவரித்தார். புளித்த மக்காச்சோள மாவில் செய்த உணவையும் புளித்த பனங்கள்ளையும் இனிதாக்கிக்கொள்ள அங்குள்ள மக்கள் இதைப் பயன்படுத்தியதையும் குறித்துவைத்தார். இதைக் 'கண்டுபிடிப்பு' என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்? யொருபா மக்கள் 'அக்பாயுன்' என்று பெயரிட்டு அன்றாடம் உண்ட ஒன்று அது.

1968இல்தான் ஆய்வாளர்கள் இதன் சூட்சுமப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது 'மிராக்குலின்' என்னும் புரதம். நாவின் இனிப்பு உணர்விகளில் சென்று ஒட்டிக்கொண்டு வாளா இருக்கும். புளிப்பு வந்து சேர்ந்ததும் உருமாறி அவ்வுணர்விகளைத் தூண்டிவிடும். சூடாக்கினால் ஆற்றல் போய்விடும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் ராபர்ட் ஹார்வி என்பவர் அமெரிக்காவில் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 1974இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதை உணவுச் சேர்க்கைப் பொருள் என வகைப்படுத்தி, முறையான சோதனைகள் இன்றி விற்கக் கூடாதென்றது. நிறுவனம் மூடப்பட்டது. சர்க்கரைத் தொழிலின் கை இதில் உண்டு என்ற ஐயம் எழுந்தது, அது நிறுவப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய பழத்துக்கு 2021இல் அனுமதி அளித்தது. தெ மார்ஷேயின் பயணத்துக்கும் அந்த அனுமதிக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்.

இனிப்பு பொருளில் இருக்கிறதா, நாவில் இருக்கிறதா என்ற வினாவை இப்பழம் எழுப்புவதாகச் சொல்வார்கள். எனக்கு எழுவது வேறொரு வினா. கரும்பு ஒரு பேரரசையே கட்டியது, ஏனெனில் அதைப் பிழிந்து, காய்ச்சி, மூட்டை கட்டி விற்க முடிந்தது. பறித்த ஓரிரு நாளில் வாடிவிடும் இந்தப் பழத்தை அப்படி விற்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, அது உண்டவர்களின் இனிப்பாகவே எஞ்சியது. ஆலையில்லா ஊர் என்பது ஏளனத்துக்குரியதன்று என்று இப்போது தோன்றுகிறது.