பெய்ரூட் தெருநாய்களும் ஒரு பேராசிரியரின் வேலையும்

1882 ஏப்ரல் 18ஆம் திகதி லண்டன் விலங்கியல் சங்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை வாசிக்கப்பட்டது. விஷயம் பெய்ரூட்டின் தெருநாய்கள். வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த ஐரோப்பிய நாய்களையே உள்ளூர்ப் பெட்டை நாய்கள் விரும்பிச் சேருகின்றன, அதனால் சில தலைமுறைகளுக்குள் தெருநாய்களின் தோற்றமே மாறிவிட்டது எண்டு அதில் எழுதியிருந்தது. எழுதியவர் வில்லியம் வான் டைக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர். அதுக்கு ஒரு முன்குறிப்பு எழுதி, சங்கத்துக்கு அனுப்பிவைத்தவர் சார்ல்ஸ் டார்வின். அடுத்த நாள் டார்வின் இறந்துபோனார்.

வான் டைக் பெய்ரூட்டில் படிப்பித்த இடம் சிரிய புரொட்டஸ்தாந்துக் கல்லூரி. இண்டைக்கு அது பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம். அதே 1882ஆம் ஆண்டு முடியிறதுக்குள்ள அந்தக் கல்லூரி டார்வினால் இரண்டாக உடைந்தது.

உடைந்த கதைக்கு முதல், அது என்ன மாதிரியான கல்லூரி எண்டு சொல்லவேணும். 1866 டிசம்பரில் 16 மாணவர்களோட தொடங்கினது. தொடங்கினவர்கள் அமெரிக்க மிஷன்காரர். எங்களுக்கு இவர்களைத் தெரியும். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினறி தொடங்கின அதே அமெரிக்கன் போர்ட்டின் ஆட்கள்தான் பெய்ரூட்டிலும் இருந்தார்கள். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பிச்சுப் புத்தகங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில், பெய்ரூட்டில் வில்லியத்தின் தகப்பன் கொர்னேலியஸ் வான் டைக் அரபியில் அதையே செய்துகொண்டிருந்தார். பைபிளின் அரபு மொழிபெயர்ப்பை 1865இல் முடித்ததும் அவர்தான். இரசாயனவியலுக்கும் வானியலுக்கும் அரபியில் பாடநூல் எழுதினார். கல்லூரியின் வானாய்வு நிலையத்துக்குத் தன்ர கைக்காசையும் போட்டார்.

இந்த மிஷன்காரருக்கு விஞ்ஞானத்தில் பயம் இருக்கேல்லை. மறுவளமாக, அதை ஆயுதமாகவே பாவித்தார்கள். 1829இல் ஒரு சந்திரகிரகணத்தின் நேரத்தை வைத்து வட்டுக்கோட்டையில் டானியல் பூவர், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணக்கோடு மோதியது யாழ்ப்பாணத்தில் பிரசித்தம். மேற்கத்தைய வானியல் சரியெண்டு நிரூபித்தால் புராணம் விழும், புராணம் விழுந்தால் சனம் பைபிளுக்கு வரும் என்பது அவர்களுடைய கணக்கு. பெய்ரூட்டிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஆனால் அந்த ஆயுதம் தங்கட பக்கமும் திரும்பும் எண்டு 1882 வரைக்கும் அங்க பெரிசாக ஆரும் யோசிக்கேல்லைப் போல.

அந்த வருஷ யூலை மாதம் பட்டமளிப்பு விழா. பேசினவர் எட்வின் லூயிஸ், ஹார்வர்டில் படித்தவர், இரசாயனவியலும் புவிச்சரிதவியலும் படிப்பித்தவர். அரபியில் பேசினார். அறிவு, விஞ்ஞானம், ஞானம் மூண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் தலைப்பு. விஞ்ஞானி ஒருவன் எப்படி வேலைசெய்கிறான் எண்டு காட்ட லயலையும் டார்வினையும் உதாரணமாக எடுத்தார். கூர்ப்புக் கொள்கை முழுக்கச் சரி எண்டு அவர் அடிச்சுச் சொல்லவில்லை. விஞ்ஞானத்துக்கு எல்லை உண்டு, அதைத் தாண்டின ஞானத்துக்குக் கடவுள் வேணும் எண்ட மாதிரித்தான் பேச்சுப் போகுது. இண்டைக்கு வாசிக்கிற ஒருவருக்கு இதில் என்ன பிரச்சினை எண்டே விளங்காது. பக்தியான ஒரு கிறிஸ்தவர் தேவாலயத்திலேயே பேசக்கூடிய பேச்சு.

பிரச்சினை சொன்ன விஷயத்தை விட, சொன்ன இடத்தில் இருந்தது. டார்வினின் பெயரை மேடையில், மரியாதையோட, அதுவும் அரபியில் சொல்லியாச்சு. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் நாலு பேராசிரியர்மாரோட போயிருக்கும். கல்லூரியின் இளம் ஆசிரியர்களான யாகூப் சர்ரூஃப், ஃபாரிஸ் நிம்ர் இருவரும் 1876 முதல் நடத்திவந்த ‘அல் முக்ததஃப்’ சஞ்சிகையில் பேச்சு அச்சாகி வந்தது. மிஷனின் இறையியல் பாடசாலைத் தலைவர் ஜேம்ஸ் டெனிஸ் அதே சஞ்சிகையில் மறுப்பு எழுதினார். லூயிஸ் பதில் எழுதினார். வாசகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்படியொரு விவாதம் அரபு வாசகர்களுக்குப் புதிசு.

உள்ளூர் மிஷன்காரர் நியூயோர்க்குக்குக் கடிதம் எழுதினார்கள். கல்லூரியின் அறங்காவலர் சபை இருந்தது அங்கதான், காசு வந்ததும் அங்கயிருந்துதான். அமெரிக்காவிலும் அப்போது காலநிலை சரியில்லை. 1878இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் அலெக்சாண்டர் விஞ்செல் என்ற புவிச்சரிதவியலாளரை ஆதாமுக்கு முதலும் மனிதர் இருந்தார்கள் எண்டு எழுதினதுக்காக விலக்கியிருந்தது. (அவரைத் தியாகியாக்க அவசரப்பட வேண்டாம். ஆதாமுக்கு முந்தின அந்த மனிதர் கறுப்பின மக்கள் எண்டு சொன்னவர் அவர்; புத்தகம் முழுக்க இனவாதம்.) பெய்ரூட் கல்லூரிக்குக் காசு கொடுத்தவர்கள் பக்தியுள்ள வணிகர்கள். பிள்ளைகளைக் கிறிஸ்துவிடம் கொண்டுவரக் கொடுத்த காசில் டார்வினைப் படிப்பிக்கிறதா எண்டு அவர்கள் கேட்டால் என்ன பதில்? சபைக்கு இருந்த கேள்வி அதுதான். கல்லூரித் தலைவர் டானியல் பிளிஸ் சபையின் பக்கமே நிண்டார். இதே பிளிஸ்தான் 1871இல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் வைக்கேக்க, எந்த நிறத்தவரும் மதத்தவரும் இங்க வரலாம், ஒரு கடவுளை நம்பியோ பல கடவுளரை நம்பியோ ஒண்டையும் நம்பாமலோ வெளியில போகலாம் எண்ட கருத்தில் பேசினவர். மாணவருக்கு அது சரி. வாத்திமாருக்கு அந்தச் சலுகை இல்லை.

டிசம்பரில், படிப்பு நடந்துகொண்டிருக்கிற நடுவில், லூயிஸின் ராஜினாமா ஏற்கப்பட்டது எண்டு செய்தி வந்தது. மருத்துவ மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். அந்தப் பக்கத்தில் நடந்த முதல் மாணவர் ஸ்ட்ரைக்குகளில் இது ஒண்டு. மனு எழுதினார்கள், கல்லூரி அவர்களை இடைநிறுத்தியது. கொர்னேலியஸ் வான் டைக் ராஜினாமா செய்தார். அப்ப அவருக்கு 64 வயது, நாப்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் வேலைசெய்தவர். மகன் வில்லியமும், மருத்துவப் பிரிவின் வேறு ஆசிரியர்களும் விலகினார்கள். இந்த இடத்தில் எனக்குக் கிழவனில்தான் கண் போகுது. வாழ்நாளைப் போட்டுப் பைபிளை அரபியில் தந்த மனிதரை டார்வினிஸ்ட் எண்டு சொல்ல ஏலாது. தன்ர சக ஆசிரியர் ஒருவரை ஒரு பேச்சுக்காக, நேரில் கேளாமல், கடல் தாண்டியிருந்து வெட்டியதைத்தான் அவரால் பொறுக்க முடியாமல் போயிருக்கும் எண்டு நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் கல்லூரி ஒரு கொள்கைப் பிரகடனத்தைக் கொண்டுவந்தது. பேராசிரியராக வாறவர் அதில் கையெழுத்து வைத்து, தன்ர விசுவாசம் இன்னதெண்டு அறிக்கையிட வேணும். மருத்துவப் படிப்பும் அந்த ஆண்டுகளிலேயே அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. மொழிமாற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, பொதுப்பிரிவு ஏற்கெனவே மாறியிருந்தது. எண்டாலும் அரபியில் படிப்பிக்கக்கூடிய ஆட்களையெல்லாம் வெளியில விட்டபிறகு அது இன்னும் லேசாகிப் போச்சு. 1884இல் சர்ரூஃபுக்கும் நிம்ருக்கும் வேலை போனது. லூயிஸ் விவகாரத்தில் அவர்கள் நிண்ட பக்கம் அதுக்கு ஒரு காரணம் எண்டு வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். இருவரும் சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு கெய்ரோவுக்குப் போனார்கள். 1952 வரை அது வந்தது.

கல்லூரி மூடின விவாதம் வெளியில வளர்ந்தது. அதே கல்லூரியில் முதலில் மருத்துவம் படித்து வெளியேறிய ஷிப்லி ஷுமய்யில் 1884இல் டார்வின் பற்றிய பூக்னரின் ஜெர்மன் விரிவுரைகளை அரபியில் கொண்டுவந்தார். அது லூயிஸ் பேசினதை விட நூறு மடங்கு காரம். திரிப்போலியின் இஸ்லாமிய அறிஞர் ஹுசைன் அல்ஜிஸ்ர், கூர்ப்பு உறுதியாக நிரூபிக்கப்பட்டால் குர்ஆன் வசனங்களை அதுக்கேற்ப விளங்கிக்கொள்ள இடமுண்டு எண்டு 1888இல் எழுதினார். மிஷன்காரர் எடுத்த நிலைப்பாட்டை விட இது எவ்வளவோ தளர்வானது. பிரகடனத்தைக் கல்லூரி கைவிட்டது பிளிஸின் மகன் ஹவார்ட் 1902இல் தலைவரான பிறகு.

ஸ்ட்ரைக் செய்த மாணவர்களில் ஒருத்தர் ஜுர்ஜி ஸெய்தான். பெய்ரூட்டில் தகப்பனின் சாப்பாட்டுக்கடையில் வேலைசெய்துகொண்டு, இரவில் ஆங்கிலம் படித்து, சோதினை பாஸ்பண்ணி மருத்துவப் பிரிவுக்கு வந்தவர். ஒரு வருஷம்தான் படித்தார். கடன் வாங்கிக்கொண்டு கெய்ரோவுக்குக் கப்பலேறினார். மருத்துவம் கடைசிவரை கைகூடவில்லை. 1892இல் ‘அல் ஹிலால்’ சஞ்சிகையைத் தொடங்கினார். அது இண்டைக்கும் வருது. வரலாற்று நாவல்களும், இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை ஐந்து பாகங்களிலும் எழுதினார். 1910இல் புதிதாகத் தொடங்கியிருந்த எகிப்தியப் பல்கலைக்கழகம் இஸ்லாமிய வரலாறு படிப்பிக்க அவரை அழைத்தது. அவர் விரிவுரைகளைத் தயாரித்துக்கொண்டிருக்கேக்க, ஒரு கிறிஸ்தவர் இஸ்லாமிய வரலாறு படிப்பிக்கிறதா எண்டு எதிர்ப்புக் கிளம்பியது. முதல் வகுப்புக்கு முன்னமே பல்கலைக்கழகம் நியமனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது.