நேரம் கேட்டேன், காசு சொன்னார்

கம்பஸ் வந்த புதிதில் கண்டி பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டரிடம் "பஸ் எக கீயத?" என்று கேட்டேன். அவர் ஒரு தொகையைச் சொன்னார். நான் கேட்க நினைத்தது பஸ் எத்தனை மணிக்கு என்று. அதற்கு "கீயட்டத?" என்று கேட்டிருக்க வேணும். "கீயத?" என்றால் எவ்வளவு. பள்ளிக்கூடத்தில் வருசக்கணக்காய்ச் சிங்களம் படித்தவன் நான், நல்ல புள்ளியும் எடுத்தவன். ஆனால் அந்த வருசங்களில் ஒருநாள்கூட வகுப்பில் யாரிடமும் நேரம் கேட்கிற தேவை எனக்கு வரவில்லை.

இந்தப் பிரச்சினையோடு நாற்பது வருசத்துக்கு முன்னரே மல்லுக்கட்டிய ஒருவரின் கதை இது.

என். எஸ். பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் இந்தியப் பாடசாலைகளில் ஆங்கிலத்தை அமைப்பு முறையில்தான் படிப்பித்தார்கள். வசன அமைப்புகளை லேசானதில் இருந்து கடினமானதுக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பிள்ளைகள் வகுப்பில் சரியாகச் சொல்வார்கள். வெளியே வந்தால் அதே வசனம் வாயில் வராது. கவனம் அர்த்தத்தில் இருக்கும்போதுதான் இலக்கணம் மனதில் நன்றாகப் படியும் என்று பிரபு நினைத்தார். அதைச் சோதித்துப் பார்க்க 1979 இல் தொடங்கி 1984 வரை நடந்ததுதான் 'பெங்களூர் திட்டம்'. பெங்களூர், சென்னை போன்ற ஊர்களின் பாடசாலைகளில் சில வகுப்புகள். கரும்பலகை, சோக், தாள், அவ்வளவுதான் வசதி.

பாடவிதானத்தில் இலக்கணப் பட்டியல் இருக்கவில்லை. அந்த இடத்தில் வேலைகள் இருந்தன: ரயில் நேர அட்டவணை, வரைபடம், நாட்காட்டி, காசுக் கணக்கு. ரயில் அட்டவணையை எடுத்தால், எது முதலில் போய்ச் சேரும், இத்தனை மணிக்குள் போய் நிற்க வேண்டுமென்றால் எதில் ஏற வேணும் என்று ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு ஒன்றைச் செய்வார். பிறகு அதேமாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்ய வேணும். புள்ளி விடைக்குத்தான். ஒரு பிள்ளை பிழையாகக் கதைத்தால் பாடத்தை நிறுத்தி விதி விளக்குவதில்லை. ஆசிரியர் அதைச் சரியான வடிவத்தில் தானே திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்.

குழு வேலையைப் பிரபு தவிர்த்தார் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. ஆரம்ப நிலைப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கதைத்தால் ஒருவரின் பிழை மற்றவருக்கும் ஒட்டிவிடும் என்று அவர் யோசித்தார்.

இந்த வகுப்புகளை வழமையான வகுப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 1985 இல் வந்தது. வசன அமைப்புச் சோதனையில் வழமையாகப் படித்த பிள்ளைகள் முந்தினார்கள். வேலை செய்து காட்டும் சோதனையில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். எதைப் படிப்பித்தோமோ அதுதான் வரும் போல. பிரபுவும் தன் முறைதான் சரி என்று அடம்பிடிக்கவில்லை. எல்லாருக்கும் பொருந்துகிற சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று 1990 இல் அவரே எழுதினார்.

அதே காலத்தில், யுத்தத்துக்கு நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் சுரேஷ் கனகராஜா. அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்தது 'அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்' என்ற அன்பளிப்புப் புத்தகம். அதிலும் அன்றாட வாழ்க்கைதான் இருந்தது. விமானப் பயணம், பெரிய அங்காடியில் சாமான் வாங்குவது. மாணவர்கள் பக்க ஓரங்களில் தங்கள் உலகத்தை எழுதி வைத்தார்கள், படம் கீறினார்கள். இலக்கணத்தைச் சொல்லித் தாருங்கள் என்றும் கேட்டார்கள். 1999 இல் வந்த தன் நூலில் கனகராஜா இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. அன்றாடம் என்கிறோமே, யாருடைய அன்றாடம்? மின்சாரமே இல்லாத ஊரில் இருந்த பிள்ளைக்கு விமானப் பயணம் வெறும் பாடம். தென்னிந்தியப் பிள்ளைக்கு ரயில் அட்டவணை அப்படியில்லை. எங்களுக்கும் அப்படியான தாள்கள் நிறையவே இருக்கு: கிளினிக் கொப்பி, பொலிஸில் முறைப்பாடு எழுதும் தாள், பிரதேச செயலகத்துப் படிவம், பஸ் நேர அட்டவணை. 1987 இலிருந்து இரண்டு மொழியும் அரச கரும மொழி என்று யாப்பில் இருக்கு. ஆனால் அந்தப் படிவத்துக்கு முன்னால் நிற்கிற எங்கட அம்மாமாருக்குத்தான் தெரியும் நிலைமை.

போன மாதம் யாழ்ப்பாணம் போக ஆசைப்பட்ட சிங்கள நண்பன் ஒருவனுக்கு பஸ் அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். காலைப்பொழுது அங்கே இறங்க வேணும், எதில் ஏறுவாய் என்று கேட்டேன். கனநேரம் பார்த்துவிட்டு, "இது எத்தனை மணி போகும்?" என்றான். எனக்குக் கண்டி கண்டக்டரின் முகம் ஞாபகம் வந்தது. நான் 'ட்ட'வை விட்டேன், அவன் 'க்கு'வை விட்டான். இரண்டும் ஒரே வேற்றுமை உருபு.

"எத்தனை மணிக்குப் போகுமோ? ஒன்பது மணிக்கு" என்றேன். அடுத்த வரியில் விரலை வைத்து, "அப்ப இது எத்தனை மணிக்கு?" என்றான்.